கூப்பன் செல்லாத நோயாளிகள்: அமெரிக்க மருந்துச் சலுகைத் தடையின் எல்லைக்கோடு

அமெரிக்க மருந்து நிறுவனங்கள் நோயாளிகளுக்குத் தரும் சேமிப்பு அட்டைகளில், அதாவது கூப்பன்களில், பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும்: மெடிகேர், மெடிகெய்டு போன்ற அரசுத் திட்டங்களில் சேர்ந்தவர்களுக்கு இது செல்லாது. தனியார் காப்பீடு வைத்திருக்கும் ஊழியர் சில டாலர்களில் வாங்கிப்போகும் மருந்துக்கு, ஓய்வுபெற்ற முதியவர் தன் பங்குத்தொகை முழுவதையும் கட்ட வேண்டும். தடையின் நோக்கம் நியாயமானது; ஆனால் கோடு தவறான இடத்தில் கிழிக்கப்பட்டிருக்கிறது.

இதன் வேர் 1972இல் இயற்றப்பட்ட கையூட்டுத் தடைச் சட்டம். அரசு செலவேற்கும் ஒன்றை வாங்கத் தூண்டுவதற்காக யாருக்கும் எந்த ஆதாயமும் தரக்கூடாது. மீறினால் பத்தாண்டுவரை சிறை. மருத்துவருக்குத் தரும் தரகுக் காசை எண்ணிப் பிறந்த இவ்விதி நோயாளிக்குத் தரும் சலுகையையும் பிடிக்கிறது. மெடிகேர் பயனாளிகள் கூப்பனைப் பயன்படுத்தாமல் தடுப்பது நிறுவனங்களின் பொறுப்பு என்று நலவாழ்வுத் துறைத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2014 செப்டம்பரில் அறிவித்தது.

இந்தக் கடுமைக்குக் காரணம் உண்டு. விலையுயர்ந்த பெயர்பெற்ற மருந்துக்குப் பங்குத்தொகையைக் கூட்டி, நோயாளியை அதன் மலிவான நகலான ஜெனரிக் மருந்தின் பக்கம் திருப்புவது காப்பீட்டாரின் வழி. கூப்பன் அந்தத் தொகையை அழித்துவிடுகிறது. நோயாளிக்கு இரு மருந்தும் ஒரே விலையாகத் தெரியும்; மீதிப் பெருந்தொகை காப்பீட்டின் தலையில் விழும்; பிறகு எல்லோருடைய பிரீமியத்திலும் ஏறும். 2011 நவம்பரில் லிப்பிட்டார் மருந்துக்கு ஜெனரிக் போட்டி வந்தபோது அதைத் தயாரித்த ஃபைசர் நிறுவனம் 4 டாலர் அட்டையை முன்வைத்தது இதற்கு நல்ல சான்று. 2012வரை கூப்பனைத் தடைசெய்திருந்த மாசசூசெட்ஸை அண்டை மாநிலமான நியூ ஹாம்ப்ஷயருடன் டாஃப்னி, ஓடி, ஷ்மிட் ஆகிய பொருளியலாளர்கள் ஒப்பிட்டார்கள். ஜெனரிக் வந்த பிறகும் கூப்பன் பெயர்பெற்ற மருந்தின் விற்பனையை 60 விழுக்காட்டுக்கும் மேல் உயர்த்துவதாகக் கண்டார்கள். அந்த உயர்வு முழுவதும் ஜெனரிக் விற்பனையிலிருந்து பறிக்கப்பட்டது.

ஆனால் அவர்கள் அளந்த கேடு தனியார் காப்பீட்டிலும் நிகழ்வதுதான். அங்கே கூட்டரசுச் சட்டம் வாய் திறப்பதில்லை. கூட்டரசு ஊழியர்களின் காப்பீடுகூட இச்சட்டத்தின் வரையறைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறது. ஆக, நோயாளியின் காப்பீட்டு அட்டை எது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மாற்று மருந்து உண்டா என்ற கேள்விக்கு இடமே இல்லை.

டஃபாமிடிஸ் வழக்கில் இக்குறை வெளிப்பட்டது. புரதம் படிந்து இதயத்தசை இறுகும் அரிய நோய்க்கு 2019இல் ஒப்புதல் பெற்ற இம்மருந்தின் ஆண்டு விலை அப்போது 2,25,000 டாலராக இருந்தது. மெடிகேர் நோயாளியின் பங்கு ஏறத்தாழ 13,000 டாலராக இருந்தது. அதைத் தானே ஏற்க, மருந்தின் தயாரிப்பாளரான ஃபைசர் அனுமதி கேட்டது. தீய நோக்கம் இல்லாவிட்டாலும் வாங்கத் தூண்டும் பணம் சட்டத்துக்கு முரணே என்று 2022இல் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. சட்டத்தின் சொற்படி தீர்ப்பு சரி. எனினும், அந்நோயாளி திரும்புவதற்கு அப்போது மலிவான மாற்று எதுவும் இருக்கவில்லை. அவரைத் திருப்புவதற்கென்று விதித்த தொகை அங்கே வெறும் தண்டமாகிவிடுகிறது. கலிபோர்னியா 2018 முதல் நடைமுறைப்படுத்தும் சட்டம், குறைந்த பங்குத்தொகையில் இணையான ஜெனரிக் கிடைக்கும்போது மட்டும் கூப்பனைத் தடுக்கிறது. கோடு விழ வேண்டிய இடம் அதுவே என்பேன்.

மாற்றில்லாத மருந்துக்குக் கூப்பனைத் திறந்துவிட்டால் நிறுவனம் விலையை இஷ்டப்படி உயர்த்தாதா? இது வலுவான மறுப்பு. 13,000 டாலரைக் கொடுத்து மெடிகேர் திட்டத்திடம் இரண்டு லட்சத்துக்கு மேல் வாங்கும் கணக்கு டஃபாமிடிஸ் கோரிக்கையில் இருந்தது. அதனால் மெடிகேரைப் பொறுத்தவரை, கூப்பனைவிட 2022ஆம் ஆண்டின் பணவீக்கக் குறைப்புச் சட்டம் காட்டிய வழியே மேல். 2025 முதல் மெடிகேர் மருந்துத் திட்டத்தில் நோயாளி கையிலிருந்து செலுத்தும் தொகைக்கு அது ஆண்டு உச்சவரம்பை நிர்ணயித்தது; முதல் ஆண்டில் அந்த வரம்பு 2,000 டாலராக இருந்தது. வரம்பைத் தாண்டியபின் பெயர்பெற்ற மருந்தின் விலையில் 20 விழுக்காட்டை உற்பத்தியாளரே ஏற்க வேண்டும். முன்பு 80 விழுக்காடாக இருந்த அரசின் பங்கு 20ஆகக் குறைந்தது. மீதி 60 காப்பீட்டு நிறுவனத்துடையது. மருந்து நிறுவனத்தின் பணம் இப்போதும் நோயாளியின் செலவுக்குத்தான் வருகிறது. ஆனால் எந்த மருந்துக்கு, எந்த நோயாளிக்கு, எத்தனை காலம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை இனி அதனிடம் இல்லை.