உப்பளத்து வெண்மையும் உழைப்பவர் கண்களும்

பல ஆண்டுகளுக்கு முன்னர், செய்தி சேகரிக்கும் பொருட்டுப் புத்தளம் பாலாவி உப்பளப் பகுதிக்குச் சென்றிருந்தேன். நண்பகல் வெயிலில் உப்புக் குவியல்களைப் பார்த்து நின்ற சிறிது நேரத்திலேயே கண்கள் கூசி நீர் வழிந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்தவர்களுக்கோ தலையில் கட்டிய துணி மட்டுமே காவல்.

கண்டி இராச்சியம் உப்புக்குக் கடற்கரையையே நம்பியிருந்தது. 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. பின்னர் ஆங்கிலேயர் உப்பைத் தமது ஏகபோக வணிகமாக்கி வருவாய் ஈட்டினர். நான் படித்த வரலாறுகளில் உப்பின் வரியும் விலையும் உண்டு. அதை வாரியவர்களின் கண்களைப் பற்றி ஒரு வரியேனும் கண்டதில்லை.

வடதுருவத்து இனுயிற் மக்கள் இதனை முன்பே உணர்ந்தவர்கள். எலும்பிலும் மரத்திலும் மெல்லிய கீற்றுத் துளை மட்டும் விட்டுக் கண்காப்புச் செய்து அணிந்தார்கள். புதுப்பனி புறஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். காய்ந்த கடற்கரை மணலோ சுமார் 15 சதவீதமே. அக்கதிர்களால் கருவிழியின் மேற்படலம் வெந்து, சில மணி நேரம் கழித்து மணல் விழுந்தாற்போல் உறுத்தும். இதுவே பனிக்குருடு. பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும்.

வெட்டவெளியில் ஆண்டுக்கணக்காக உழைப்பவர்க்கு நேரும் ஊறு மெதுவானது. கண்ணில் சதை வளரும். கண்புரைக்கும் இக்கதிர்கள் ஒரு காரணம். கீழிருந்து எழும் ஒளியைத் தொப்பி தடுக்காது. பக்கமும் மூடிய, புறஊதாக் கதிர் தடுக்கும் கண்ணாடி வேண்டும். உப்பால் வருவாய் காண்போர் முதலில் செய்யவேண்டிய செலவு அதுவே என்பேன்.