மாமையும் பசலையும்

கல்யாண விளம்பரங்களில் வரும் 'மாநிறம்' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்ச நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். சிவப்பு என்று சொல்ல முடியாது, கறுப்பு என்று சொல்ல மனம் வராது என்கிற இக்கட்டில் பெண்ணைப் பெற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளும் திண்ணை அது. நிறத்தைச் சொல்வதற்காக அல்ல, சொல்லாமல் தப்பிப்பதற்காகவே அது இன்று பிரயோகமாகிறது. ஒரு சொல்லுக்கு இதைவிடத் தாழ்ந்த உத்தியோகம் கிடைக்க முடியாது. இதே சொல்லின் உறவு ஒன்று தமிழ்க் கவிதையில் வேறு அந்தஸ்தில் இருந்திருக்கிறது.

சங்க அகப்பாட்டுகளில் தலைவியின் மேனி நிறத்துக்கு மாமை என்று பெயர். மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் பொருள் சொல்வார்கள். மாந்தளிரைக் கூர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது செம்பும் கருமையும் கலந்து எண்ணெய் தடவினாற் போல மினுங்குவது. 'மா' என்பதற்கே கருமை என்றும் ஒரு பொருள் உண்டு. மாயோன் கரியவன். மாயோள் என்று ஒரு பெண்ணைச் சொன்னால் அது புகழ்ச்சி. இந்த அழகு குலைவதைச் சொல்லவும் அவர்களிடம் ஒரு சொல் இருந்தது: பசலை. பிரிவுத் துயரில் மாமை மறைந்து மேனியில் படரும் வெளிறிய மஞ்சள் அது. பீர்க்கம்பூவை அதற்கு உவமையாகச் சொன்னார்கள். குறுந்தொகையின் 399ஆம் பாட்டில் பரணர் அதை ஊரார் நீருண்ணும் கேணியின் பாசிக்கு ஒப்பிடுகிறார். தொட்டால் விலகும், விட்டால் மறுபடி மூடிக்கொள்ளும். திருக்குறளில் பசப்புக்கென்றே ஒரு தனி அதிகாரம், 119ஆவது.

ஆக, அந்தக் கவிதை உலகத்தில் மேனி வெளிறுவதுதான் நோய். காதலன் திரும்பிவந்து பழைய நிறம் மீள்வது குணம். இதைக் காட்டி அக்காலத்தில் எல்லாக் கரிய பெண்களும் கொண்டாடப்பட்டார்கள் என்று நான் வாதாட மாட்டேன். கவிதை மரபு ஜனத்தொகைக் கணக்கு அல்ல. சிலப்பதிகாரத்தின் மாதவி பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீரில் குளிக்கிறாள். கூட்டினால் நாற்பத்தேழு சரக்கு. உப்பு விற்கும் உமணப் பெண்ணுக்கு அது கட்டுப்படியாகி இருக்காது. தோலைப் பேணுவது அன்றைக்கும் காசுள்ளவர்கள் சமாசாரம்தான். நான் சொல்ல வருவது வேறு. ஒரு பாஷை வெளிறுவதை நோய் என்று அறிந்து வைத்திருந்தது. பிறகு அதையே மருந்து என்று காசு கொடுத்து வாங்கத் தொடங்கியது. இந்தத் திருப்பம் எப்படி நேர்ந்தது?

வெள்ளைக்காரன் வந்ததால் என்பது சௌகரியமான பதில். பாதி உண்மையும்கூட. ஆனால் வயலில் வெயில் காய்ந்தவனையும் நிழலில் உட்கார்ந்து நெல் அளந்தவனையும் தோலை வைத்துப் பிரித்தறிய நமக்கு வெள்ளைக்காரன் தேவைப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஜாதி அதை முன்பே சொல்லிக் கொடுத்திருந்தது. ஆட்சியாளனின் நிறம் அந்த ஏணிக்கு மேலே இன்னும் ஒரு படியைச் சேர்த்தது. அவ்வளவே.

அந்தப் படியில் ஏற முதலில் கிடைத்தது ஸ்நோ. ஹேஸலின் ஸ்நோ கப்பலில் வந்தது. 1919இல் பம்பாயில் இ. எஸ். பாட்டன்வாலா ஆஃப்கன் ஸ்நோவைக் கொண்டுவந்தார். பனியைக் கண்ணால் பார்த்திராத ஊர்களில் கண்ணாடிக் குப்பியில் பனி விற்றது. இந்த வகை ஸ்நோக்களின் ரசாயனம் எளிமையானது. ஸ்டியரிக் அமிலத்தின் ஒரு பகுதியைக் காரத்தோடு சேர்த்துச் சோப்பாக்கி, மிச்சத்தைத் தண்ணீரோடும் கிளிசரினோடும் குழைத்தால் வெண்ணெய் போன்ற களிம்பு. தேய்த்தால் மறைந்துபோகும். தோலின் மேல் மிக மெல்லிய படலம் ஒன்று நிற்கும். அது தோலை மாற்றுவதில்லை, மூடிக்கொள்கிறது, கழுவினால் போய்விடும். பரணரின் பாசியை நினைத்துக்கொள்ளலாம்.

ஸ்நோ முகத்தைப் பூசியது; அடுத்து வந்தது முகத்தையே திருத்துவதாகச் சொன்னது. 1975இல் ஹிந்துஸ்தான் லீவர் ஃபேர் அண்ட் லவ்லியை அறிமுகம் செய்தது. அதில் வேலை செய்யும் பொருள் நியாசினமைட், பி3 வைட்டமினின் ஒரு வடிவம். மனிதர்களின் தோலில் நிறமி செய்யும் செல்களின் எண்ணிக்கை கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை செய்யும் மெலனின் பொதிகளின் அளவும் பரவலுமே வித்தியாசம். அந்தப் பொதிகள் மேல்தோல் செல்களுக்குக் கைமாறுவதை நியாசினமைட் சற்றுத் தடுக்கிறது. விளைவு சிறியது, நிறுத்தினால் நிற்காதது. மெலனினோ வெயிலில் இருந்து தோலைக் காக்க உடம்பே விரித்துக்கொண்ட குடை. குடையைச் சுருக்குவதற்கு நாம் காசு கொடுத்தோம்.

இந்தக் கதையில் நம்மூர்ப் பங்கும் உண்டு. ஷாம்பூவைச் சிறு பொட்டலத்தில் அடைத்துக் கிராமத்துப் பெட்டிக்கடையில் தொங்கவிடலாம் என்பதைப் பெரிய அளவில் நிரூபித்தது கடலூர். அங்கே 1983இல் சிக் ஷாம்பூவோடு தொடங்கிய சி. கே. ரங்கநாதனின் நிறுவனம் 1998இல் குங்குமப்பூவின் பேரைச் சொல்லி ஃபேர்எவரைக் கொண்டுவந்தது. 2005இல் ஆண்களுக்கென்று எமாமியின் களிம்பு. ஷாம்பூவின் வழியிலேயே முகக் களிம்பும் பொட்டலத்துக்குள் புகுந்தது. பொட்டலம் ஒரு ஜனநாயகக் கண்டுபிடிப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஏழைக்கு எட்டும் விலையில் அது கொண்டுவந்த சரக்குகளில் ஒன்று, தோலைப் பற்றிய வெட்கம்.

கறுப்பைச் சட்டையில் ஏற்ற அரசியல் இங்கே நடந்தது. கறுத்த கதாநாயகனையும் ஏற்றோம். அவனுக்கு ஜோடியை மட்டும் பம்பாயில் இருந்து வரவழைத்தோம். பெண்ணின் தோல் அந்த அரசியலின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது.

இதுவரை எழுதியது படிப்பில் வந்தது. மீதி வீட்டில் நடந்தது.

எனக்கு வங்கியில் குமாஸ்தா வேலை கிடைத்தது 2011இல். தங்கைக்கு வரன் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்பா சொல்லச் சொல்ல விளம்பர வாசகத்தை எழுதியவன் நான். 'நிறம்' என்று வந்த இடத்தில் அப்பா நிறுத்தினார். நானாகவே மாநிறம் என்று எழுதினேன். ஆங்கில இலக்கியம் படித்தவன், சொற்களைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவன், என் பொய்யை நானே செய்தேன். அடுத்த மாதச் சம்பளத்தில் மருந்துக் கடையில் கேட்டு ஒரு டியூபும் வாங்கிக் கொடுத்தேன். சீட்டு கேட்கவில்லை, கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் முகம் தெளிந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஏழெட்டு மாதத்தில் வெயிலில் இறங்கினால் முகம் தீப்பட்டாற் போல் சிவந்தது. கன்னத்தில் நூல் நூலாக ரத்தக் குழாய்கள் தெரிந்தன. தாடையில் பூனைமயிர் அடர்ந்தது.

தோல் டாக்டர் டியூபை வாங்கிப் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தார். ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், அவற்றோடு ஸ்டீராய்டு. கரும்படைக்குக் கொஞ்ச நாள், கண்காணிப்பில் தரவேண்டிய மருந்து. ஸ்டீராய்டு தோலை மெலியவைக்கும். நிறுத்தினால் முதலில் இன்னும் மோசமாகும் என்றார். அப்படியே ஆயிற்று. அந்த வாரங்களில் தங்கை கண்ணாடியைத் துண்டு போட்டு மூடி வைத்திருந்தாள். இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018இல் பட்டியலில் சேர்த்தது. எங்களுக்கு அது தாமதம்.

பொதுவெளியிலும் சில காரியங்கள் நடந்தன. மாதர் சங்கத்தின் எதிர்ப்பில் 2003இல் சில விளம்பரங்கள் நின்றன. 2009இல் சென்னையில் கறுப்பு அழகு என்ற இயக்கம் பிறந்தது; 2013இல் நந்திதா தாஸ் அதற்கு முகமானார். 2014இல் விளம்பரத் தர மன்றம், கறுத்தவர்களைத் தாழ்ந்தவர்களாகக் காட்டக்கூடாது என்று விதி செய்தது. 2020இல் ஃபேர் என்ற சொல் நீங்கி க்ளோ அண்ட் லவ்லி ஆயிற்று. எனக்கு மாநிறம் ஞாபகம் வந்தது. விற்பவர்களுக்கும் ஒதுங்க ஒரு திண்ணை கிடைத்துவிட்டது.

தங்கையின் முகம் தேற இரண்டு வருஷம் ஆயிற்று. டாக்டர் எழுதிக் கொடுத்த கடைசிச் சீட்டில் இருந்தவை: காரமில்லாத சோப்பு, குளித்த ஈரத்தோடு பூசத் தேங்காய் எண்ணெய், வெளியே போகும்போது வெயில் தடுக்கும் களிம்பு, குடை. டியூபுக்கு நான் கொடுத்த விலையைவிடக் குறைவு. கறுப்பு அழகு என்பதை அவள் முழுக்க ஒத்துக்கொள்வதில்லை. "தெனம் காலைல எந்திரிச்சு இந்தத் தோலை நேசிக்கணுமா? அதும்பாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டாப் போதும்" என்கிறாள். விட்டுவிடுவது எவ்வளவு சிரமமான காரியம் என்பதை அவளிடம்தான் பார்த்தேன்.

பேச்சு வழக்கில் இன்னும் ஒன்று மிஞ்சியிருக்கிறது. காய்ச்சலில் கிடந்து எழுந்தவனைப் பார்த்து "என்னப்பா வெளுத்துப் போயிட்டே" என்கிறோம். பசலை இன்னும் அந்த வாக்கியத்தில் உயிரோடு இருக்கிறது. அந்த அறிவை மீட்கக் கவிதை எழுத வேண்டியதில்லை. நாம் சொல்வதை நாமே காதில் வாங்கினால் போதும்.

இதை எழுதலாமா என்று தங்கையிடம் கேட்டேன். "எழுதுண்ணா. ஆனா மறுபடியும் மாநிறம்னு எழுதிராதே. கறுப்புன்னு எழுது" என்றாள்.