பேரேட்டிலிருந்து கணினித் திரைக்கு: சிறுவணிகக் கணக்கியலில் பெயரும் குறியீடும்

மலேசியத் தமிழ்ச் சிறுவணிகரைப் பற்றிய ஆய்வுகள் முதலீடு, கடனுதவி, குடிபெயர்வு ஆகியவற்றைப் பேசும் அளவிற்கு அவர்கள் கணக்கெழுதிய முறையைப் பேசுவதில்லை. வணிக மேலாண்மை மென்பொருள்கள் சிறு கடைக்காரர்க்கு எளியனவாக அமையாமைக்குரிய காரணத்தை அம்முறையின் வரலாற்றிலேயே தேட வேண்டும் என்பது நம் கருத்து.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பினாங்கிலும் கோலாலம்பூர் அம்பாங் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும் நடத்திய வட்டிக்கடைகளில் கணக்கியல் ஒரு கல்வியாகவே விளங்கியது. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன் அடுத்தாளாகவும் பின்னர் மேலாளாகவும் உயர்வதற்குள் குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை ஆகியவற்றில் தேர்ச்சி பெற்றான். தோட்டப்புற மளிகைக் கடைக்காரர்க்கு இப்பயிற்சி வாய்க்கவில்லை. அவர்தம் கருவி, அட்டையில் '555' என்னும் எண் பொறித்த சிறு குறிப்புப் புத்தகமே. நாள், பொருள், தொகை என ஒரே வரி. சம்பள நாளில் கூட்டல். கடன் தீர்ந்ததும் ஒரு கோடு. இதனைக் கணக்கியல் என ஏற்க ஆய்வாளர் தயங்கலாம். எனினும், பேரேட்டிற்கும் இதற்கும் பொதுவான பண்பொன்று உண்டு. இரண்டிலும் கணக்கு ஒருவரின் பெயரால் நின்றது.

கணினிக் கணக்கியலில் முதலில் மறைந்தது இப்பண்பே. ஒவ்வொரு கணக்கிற்கும் குறியீடு வழங்கும் முறையில், 'மாரியம்மாள் பற்று' என்பது '300-எம்001' போன்ற உருவைப் பெற்றது. இம்முறைக்கு மாற்று பெங்களூரில் பிறந்தது. ஆலைகளுக்குப் பொருள் வழங்கிவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, சந்தையிலிருந்த மென்பொருள்கள் தம் கணக்கிற்கு ஒத்துவராமையால், மகன் பரத் கோயங்காவைப் புதியதொன்றை உருவாக்கச் செய்தார். 1986இல் தொடங்கிய அம்முயற்சியே பின்னர் 'டேலி' எனப் பெயர் பெற்றது. குறியீடின்மையே அதன் தனிச்சிறப்பு. பயனர் கணக்கின் பெயரைத் தட்டச்சு செய்தாலே போதும். வணிகர் ஒருவரின் வீட்டிலிருந்து இத்தீர்வு வந்தமை தற்செயலன்று.

மலேசியாவில் 2015 ஏப்ரல் 1ஆம் நாள் 6 விழுக்காட்டுப் பொருள், சேவை வரி நடப்புக்கு வந்தபோது குறியீடு வேறுருவில் திரும்பியது. ஆண்டுக்கு 5 இலட்சம் ரிங்கிட்டிற்கு மேல் வரிக்குரிய விற்பனையுடையோர் பதிந்துகொள்ளுதல் கட்டாயமாயிற்று. பெருந்தொகையாகத் தோன்றினும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,370 ரிங்கிட் விற்பனையே அது. அரிசி, சீனி, உப்பு, சமையல் எண்ணெய் ஆகியவை சுழிய விகிதத்தன. சவர்க்காரமும் பிஸ்கட்டும் 6 விழுக்காட்டிற்குரியன. ஒரே கூடையிலுள்ள பொருள்களை 'இசட்.ஆர்.எல்.' என்றும் 'எஸ்.ஆர்.' என்றும் பிரித்துப் பதிய வேண்டியிருந்தது. கொள்முதலுக்கோ வேறு குறியீடுகள். மென்பொருள் வாங்க அரசு 1,000 ரிங்கிட் பற்றுச்சீட்டு வழங்கியது. அது விலைச்சுமையைக் குறைத்ததேயன்றித் திரையிலிருந்த சொற்களை எளிமையாக்கவில்லை. ஒரு குறியீடு தவறினால் வரி அறிக்கையே பிழைபடும் என்ற நிலையில், பதிவுப் பணி கணக்காளர் கைக்குச் செல்வது இயல்பே. அவ்வாறு சென்றபின், யார் எவ்வளவு தர வேண்டும் என்பதைத் தம் புத்தகத்தைப் புரட்டியே அறிந்த கடைக்காரர், தம் கடையின் நிலையைப் பிறர் சொல்லக் கேட்பவராகிறார். இவ்விழப்பை எந்த வரிக் கணக்கும் காட்டாது. 2018 ஜூன் 1இல் வரி விகிதம் சுழியமாக்கப்பட்டு, செப்டம்பர் 1இல் விற்பனை, சேவை வரி மீண்டபோது, அரும்பாடுபட்டுக் கற்ற அக்குறியீடுகளும் பயனற்றுப் போயின.

பெயர்வழிப் பதிவும் முழுத் தீர்வன்று. தமிழ்ப் பெயரை உரோமன் எழுத்தில் பதிகையில் 'லட்சுமி' ஒருவரே மூன்று எழுத்துக்கூட்டல்களில் மூன்று கடனாளிகளாகிவிடுவார். தமிழாசிரியர்க்கு இச்சிக்கலை விளக்க வேண்டியதில்லை. மென்பொருளாளர்க்கு விளக்க வேண்டியுள்ளது.

2024 ஆகஸ்டு 1 முதல் மலேசியாவில் மின்விலைப்பட்டியல் முறை, பெருநிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக நடப்புக்கு வந்தது. குறிப்பிட்ட விற்றுமுதலுக்குக் கீழ்ப்பட்டோர்க்கு விலக்கு உண்டு. தனிப்பட்டியல் கேளாத வாடிக்கையாளரின் கொள்முதல்களை மாத இறுதியில் ஒன்றுதிரட்டி ஒரே பட்டியலாக அனுப்ப இம்முறை இடந்தருகிறது. '555' புத்தகத்தின் சம்பள நாள் கூட்டலை இது நினைவூட்டுகிறது. அத்திரட்டுப் பட்டியலுக்குரிய வகைக் குறியீடு 004. அதனைக் கடைக்காரர் மனனம் செய்ய வேண்டுமா, மென்பொருளே இட்டுக்கொள்ளுமா என்பது வடிவமைப்போர் முன்னுள்ள வினா.