கயத்தாறு ஏரோட்ரோம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி ராஜபாளையம், சங்கரன்கோவில், கழுகுமலை என்று இறங்கி ஏறிக் கயத்தாறு போகிறவர்கள் பெரும்பாலும் கட்டபொம்மனைப் பார்க்கத்தான் போவார்கள். 1799 அக்டோபர் 16 அன்று கிழக்கிந்தியக் கும்பெனியார் அவரைத் தூக்கிலிட்ட ஊர். சிவாஜி கணேசன் சொந்தப் பணத்தில் இடம் வாங்கிச் சிலை வைத்தார். நான் இந்தமுறை போனது வேறொன்றுக்காக. கும்பெனியின் வாரிசுகள் விட்டுப்போன விமான ஓடுதளம் ஒன்று அதே ஊரில் கிடக்கிறது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் அது ‘ஏரோட்ரோம்’.

இந்தக் கரிசல்காட்டில் பிரிட்டிஷ் விமானப்படைக்கு என்ன வேலை? வரைபடத்தை விரித்தால் விளங்கிவிடும். கயத்தாறுக்குச் சென்னையைவிடக் கொழும்பு பக்கம்.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில், ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்த ஜப்பானியர் கொழும்பின் மேல் குண்டு போட்டார்கள். மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். 9ஆம் தேதி திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அருகே பிரிட்டிஷாரின் ‘ஹெர்மிஸ்’ கப்பல் மூழ்கியது. சென்னையில் பாதி ஊர் மூட்டை கட்டியது. உயர்நீதிமன்றமே கோயம்புத்தூருக்குப் போனது. சென்னைக்கு எதிரி விமானம் வந்தது என்னவோ மறுவருடம் அக்டோபரில்தான், அதுவும் ஒற்றை விமானம்!

தெற்கே ஓடுதளங்கள் பெருகியது இந்தப் பயத்தில்தான். சோழவரம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, சூலூர், உச்சிப்புளி, கயத்தாறு. யுத்தம் முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தலையெழுத்து. சூலூர் இன்று இந்திய விமானப்படைத் தளம். உச்சிப்புளி 2009 முதல் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து. சோழவரத்துக்குத்தான் சுகஜீவனம்: குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்த தளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கார்ப் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை ஊரே அங்கே திரண்டது.

கரிசலில் தளம் போடுவது லேசுப்பட்ட காரியமல்ல. மழைக்கு வீங்கிக் காலை இழுக்கும் மண், கோடையில் கை நுழைகிற அளவு பிளக்கும். அடியில் கல் பரப்பிக் கெட்டிக்காமல் பாரம் ஏற்ற முடியாது. விவசாயிக்கோ, ஒருமுறை கல் இறங்கிய கரிசல் பருத்திக்கு ஆகாது.

விமானம் எதிர்காற்றில் ஏறி எதிர்காற்றில் இறங்க வேண்டும். தளம் போடுகிறவர்கள் முதலில் கேட்பது காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்றுதான். கயத்தாறில் அதற்கு விடை சொல்ல வானிலை நிபுணர் தேவையில்லை. ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியே, குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு, வெறுங்காற்றாக இங்கே வந்து இறங்கும். தேசிய காற்றுசக்தி நிறுவனம் காற்றாலைகளைச் சோதிக்கும் நிலையத்தை இந்த ஊரில் வைத்திருப்பதும் அந்தக் காற்றை நம்பித்தான்.

ஓடுதளத்தில் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது.