சிலிண்டரின் கசிவைக் கண்டறிந்த வரலாறு

எஞ்சின் வலுவிழந்துவிட்டால், இக்கால மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளையில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்க்கிறார். ஒரு நிமிட வேலைதான். ஆயினும் அதன் பின்னே நீண்ட வரலாறு உண்டு.

1712இல் நியூகோமன் அமைத்த நீராவிப் பொறியில் பிஸ்டனைச் சுற்றித் தோல் வைத்து, அதன்மேல் தண்ணீரைத் தேக்கிக் கசிவை அடைத்தனர். ஜேம்ஸ் வாட்டுக்கு அவ்வழி உதவவில்லை. தண்ணீர் அவருடைய சிலிண்டரைக் குளிரச் செய்துவிடும். அவர் நாடியதோ சூடான சிலிண்டர். சணலையும் கொழுப்பையும் திணித்தார். சிலிண்டரே வட்டமாக அமையாதபோது அவை என்ன செய்யும்! பீரங்கி துளைப்பதில் 1774இல் காப்புரிமை பெற்ற வில்கின்சன், சிலிண்டரையும் செம்மையாகக் குடைந்து கொடுத்த பின்னரே வாட்டின் பொறி தொழிலுக்கு வந்தது.

உள்ளே நிகழ்வதைக் காண்பது எப்படி? வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன், 1796இல் அழுத்தமானியோடு பென்சிலையும் நகரும் பலகையையும் இணைத்தார். பிஸ்டனின் ஒவ்வோர் அசைவிலும் அழுத்தம் ஏறி இறங்குவதைக் கோடாக வரைந்து காட்டியது அக்கருவி. அதனைப் பல ஆண்டுகள் மறைவாகவே வைத்திருந்தார்கள். வாணிகர்களின் முன்யோசனை அது!

1850களில் ராம்ஸ்பாட்டம் வெட்டுவாய் உள்ள உலோக வளையத்தைப் பிஸ்டனுக்கு அளித்தார். சணலின் காலம் மெல்ல மறைந்தது. கலவையை அழுத்திய பின் எரிக்கும் ஆட்டோவின் எஞ்சின் 1876இல் வந்தது. டீசலின் எஞ்சினிலோ அழுத்தமே எரியூட்டி. கசிந்தால் வலு குறைவதோடு நில்லாது. எஞ்சின் ஓடவே ஓடாது. 1893இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவர் செய்த முதற் சோதனைகளில் பிஸ்டன் காற்றைத் தாங்கவில்லை. எதிர்பார்த்த அழுத்தம் எழவில்லை. ஆகஸ்டு 10ஆம் நாள் எரிபொருள் பற்றியபோது அழுத்தம் 80 வளிமண்டலத்தைக் கடந்து, அளவுகருவியே வெடித்துச் சிதறியது. அவர் உயிர் தப்பினார். 1897இல் பேராசிரியர் ஷ்ரோட்டர் சோதித்தபோது அவ்வெஞ்சினின் திறன் 26.2 விழுக்காடு.

இனி நம் மெக்கானிக்கிடம் வருவோம். திராட்டிலை முழுதும் திறக்காமல் அளந்தால் நல்ல எஞ்சினும் குறைவாகவே காட்டும். வீணாக எஞ்சினைப் பிரித்துச் செலவழித்தவர் பலர். ஒரு சிலிண்டரில் மட்டும் அளவு தாழ்ந்திருந்தால், அதனுள் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கிறார். அளவு உயர்ந்தால் ரிங் அல்லது சிலிண்டர் சுவர் தேய்ந்திருக்கிறது. நியூகோமனின் தண்ணீர் செய்த வேலையை இங்கே எண்ணெய் செய்கிறது. உயராவிடில் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ ஐயுற வேண்டும். அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒன்றாகத் தாழ்ந்திருந்தால், பெரும்பாலும் அவற்றின் நடுவே கேஸ்கட் எரிந்திருக்கும். பிஸ்டனை மேல்நிலையில் நிறுத்திக் காற்றைச் செலுத்தினால் இருப்பிடம் இன்னும் தெளிவாகும்: புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட்.