பழைய நாளிதழ்களில் லூமுட்டைத் தேடிய கதை



நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் தன் வரலாறு, குடும்ப வரலாறு, பள்ளி வரலாறு, வசிப்பிட வரலாறு என்று ஒரு வரிசை வருவதை ஆசிரியர்கள் அறிவீர்கள். 2014ஆம் ஆண்டில் வரலாறு தொடக்கப்பள்ளியின் நான்காம் ஆண்டில் தனிப்பாடமாக நடத்தப்பட்டபோது அதைக் கற்பிக்கும் பொறுப்பு எனக்கு அமைந்தது. நான் பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில். லூமுட்டுக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. கடற்கரை, கடற்படைத் தளம், பங்கோர் தீவுக்குச் செல்லும் படகுத்துறை ஆகியவற்றைத் தவிர இவ்வூரைப் பற்றி எனக்குத் தெரிந்தவை மிகக் குறைவு.

'நான் வாழும் இடம்' என்னும் தலைப்பில் வீட்டில் உள்ள பெரியவர்களைக் கேட்டு எழுதி வருமாறு மாணவர்களைப் பணித்தேன். ஒரு மாணவி தன் பயிற்சிப் புத்தகத்தில், தன் பூட்டி பிறந்தபோது லூமுட் பேரா மாநிலத்தில் இல்லை என்றும் பினாங்கோடு சேர்ந்திருந்தது என்றும் எழுதியிருந்தாள். நான் சற்றும் யோசிக்காமல் சிவப்பு மையால் பிழைக்குறி இட்டேன். பக்கத்தில், 'லூமுட் பேரா மாநிலத்தில் உள்ளது' என்று திருத்தமும் எழுதினேன். மறுநாள் அவள் என் மேசைக்கு வந்து, "பூட்டி பொய் சொல்ல மாட்டாங்க, டீச்சர்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தன் இடத்திற்குப் போய்விட்டாள். அழவும் இல்லை, வாதாடவும் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது.

அன்று இரவு கணினியின் முன் அமர்ந்தேன். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை மின்படிவமாக்கி இணையத்தில் வைத்துள்ளது. 1845இல் தொடங்கிய 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' முதல் தமிழ் முரசு வரை பல ஏடுகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். சொல்லைக் கொடுத்தும் தேடலாம். 'லூமுட்' என்று தேடினேன். வந்தவற்றைப் படித்தபோது 'டிண்டிங்ஸ்' என்ற வேறொரு பெயர் மீண்டும் மீண்டும் கண்ணில் பட்டது. அப்பெயரைக் கொண்டு தேடியதும் செய்திகள் மலையாகக் குவிந்தன. 1934, 1935ஆம் ஆண்டுச் செய்திகளுக்கு வந்து சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. டிண்டிங்ஸ் பகுதியைப் பேராவிடம் திருப்பி ஒப்படைப்பது பற்றிய செய்திகள் அவை.

விவரம் இதுதான். கடற்கொள்ளையரை ஒடுக்குவதற்கென்று பங்கோர் தீவையும் செம்பிலான் தீவுகளையும் 1826ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பேரா ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தது. 1874 ஜனவரி 20ஆம் நாள் கையெழுத்தான பங்கோர் ஒப்பந்தத்தைப் பற்றி நாம் எல்லோரும் பாடநூலில் படித்திருக்கிறோம். பேராவுக்கு ஆங்கிலேய ரெசிடெண்ட் வந்த கதை என்றே அதை மனப்பாடம் செய்தோம். அதே ஒப்பந்தத்தில் எல்லை பற்றிய பகுதியும் உண்டு. தீவுகளோடு எதிர்க்கரையில் உள்ள நிலப்பகுதியும் ஆங்கிலேயருக்குச் சேர்ந்தது. லூமுட் அந்நிலப்பகுதியில்தான் இருக்கிறது. இப்படியாக லூமுட், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் ஒரு துண்டாகி, பினாங்கின் நிர்வாகத்தின்கீழ் இருந்தது. எதிர்பார்த்த பயன் கிட்டாததால் 1935ஆம் ஆண்டு, சுல்தான் இஸ்கந்தர் ஆட்சிக் காலத்தில், அப்பகுதி பேராவுக்கே திரும்பி வந்தது. பிற்காலத்தில் டிண்டிங்ஸ் என்ற மாவட்டப் பெயரும் மறைந்து மஞ்சோங் ஆயிற்று.

ஆக, பூட்டி சொன்னது சரி. பயிற்சிக் கல்லூரியில் படித்துப் பட்டயம் பெற்ற நான் இட்ட குறிதான் தவறு.

அதன்பிறகு பழைய ஏடுகளைப் படிப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. இதில் நான் பட்டறிந்த சிலவற்றை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். மாணவர்களை இவ்வழியில் ஈடுபடுத்த எண்ணும் ஆசிரியர்களுக்கு உதவக்கூடும்.

முதலில் பெயர். நாம் தேடும் ஊர் அந்தக் காலத்தில் எந்தப் பெயரால் வழங்கியது என்று தெரியாவிட்டால் தேடல் நகராது. இன்றைய தெலுக் இந்தான் 1982 வரை தெலுக் ஆன்சன். கோலா செப்பெத்தாங் முன்பு போர்ட் வெல்ட். தமிழ் ஏடுகளில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். லூமுட், லுமுட், லுமூட் என்று எழுதுபவருக்கு எழுதுபவர் மாறும். போதாக்குறைக்குப் பழைய அச்சில் 'லை', 'ணை', 'னை' முதலியவை துதிக்கை போன்ற கொம்போடு இருக்கும். கணினி அவற்றைப் படிக்கத் திணறுகிறது. ஆகவே தமிழ் இதழ்களில் சொல்லைக் கொடுத்துத் தேடுவதை மட்டும் நம்பக்கூடாது. நாளைக் கணக்கிட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். (அந்தக் கொம்பு எழுத்துகளை என் மாணவர்களிடம் காட்டியபோது, "யானை எழுத்து" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அன்று அரை மணி நேரப் பாடம் அதிலேயே கழிந்தது. எனக்கு வருத்தமில்லை.)

அடுத்து, அந்த நாளில் அந்த ஏடு இருந்ததா என்று பார்க்க வேண்டும். டிண்டிங்ஸ் கைமாறியது பற்றித் தமிழ் முரசு என்ன எழுதியது என்று தேடிச் சில நாள்களை வீணாக்கினேன். கோ. சாரங்கபாணியின் பெயரோடு நாம் இணைத்துப் பேசும் அவ்வேடு தொடங்கியதே 1935 ஜூலையில்தான். 1924இல் கி. நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசனைத்தான் நான் முதலில் நினைத்திருக்க வேண்டும். ஜப்பானியர் காலத்து ஏடுகளில் இன்னொரு வியப்பு உண்டு. 1942 என்று இருக்க வேண்டிய இடத்தில் 2602 என்று அச்சாகியிருக்கும். அது ஜப்பானியப் பேரரசு ஆண்டு. தெரியாத மாணவன் எதிர்காலத்துப் பத்திரிகை என்று எண்ணிவிடுவான்.

மூன்று ஏடுகளில் ஒரே செய்தி வந்திருந்தால் மூன்று சாட்சிகள் கிடைத்துவிட்டதாக நானும் மகிழ்ந்ததுண்டு. உற்றுப் பார்த்தால் பினாங்கு ஏட்டில் வந்ததைச் சிங்கப்பூர் ஏடு அப்படியே எடுத்துப் போட்டிருக்கும். சாட்சி ஒன்றுதான்.

உண்மையிலேயே வேறு வேறு கண்ணோட்டம் வேண்டுமென்றால் 1929ஆம் ஆண்டு இறுதியைப் பாருங்கள். அந்த டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. பினாங்கில் வந்திறங்கி, நம் ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டார். தமிழ் நேசன் அவர் வருகையை எதிர்த்தது. சாரங்கபாணியின் 'முன்னேற்றம்' வரவேற்றது. ஒரே மனிதர், ஒரே பயணம். ஒன்றை மட்டும் படிப்பவர் பாதி மலாயாவைத்தான் பார்த்திருப்பார்.

ஆயினும் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது, ஏடுகளில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதுதான். 1878 அக்டோபரில் டிண்டிங்ஸ் கண்காணிப்பாளர் கேப்டன் லாயிட் பங்கோர் தீவில் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அவர் மனைவி படுகாயத்தோடு உயிர் பிழைத்தார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் கப்பலில் அவ்வழி வந்த ஆங்கிலப் பயண எழுத்தாளர் இசபெல்லா பேர்ட், 1883இல் வெளிவந்த தம் நூலில் அந்நிகழ்ச்சியை விரிவாக எழுதினார். ஓர் அதிகாரியின் மரணம் கடல்கடந்து இலண்டன் நூலகம் வரை போய்ச் சேர்ந்தது. அதற்குப் பின் இதே வட்டாரத்தில் காடழித்துப் பால்மரம் நட்டவர்களில் காய்ச்சலில் மாண்டவர்கள் எத்தனையோ பேர். ஆங்கில ஏடுகளில் அவர்கள் ஆள்கணக்காகவே வருகிறார்கள். இத்தனை கூலிகள் கப்பலில் வந்தார்கள், இத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள், கூலிச் செலவு இவ்வளவு ஏறியது என்பதோடு முடிந்துவிடும்.

அந்த எண்களையும் ஒதுக்கிவிடக் கூடாது. 1936 இறுதியில் இந்திய அரசின் சார்பில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயா வந்து தோட்டத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். 1937இல் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மறு ஆண்டே ரப்பர் விலை சரிந்ததென்று 45 காசாகவும் 35 காசாகவும் குறைத்தார்கள். 1938 ஜூனில் இந்திய அரசு, உதவிபெற்று மலாயாவுக்கு வரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. தோட்ட முதலாளிகளுக்காகப் பேசிய ஏடுகளில் இவ்வைந்து காசு ஒரு சிக்கன நடவடிக்கை. வேலைக்காட்டில் அது என்னவாக இருந்தது என்பதற்கு அந்த ஏடுகளில் விடை கிடைக்கவில்லை. எனக்கு வேறோர் இடத்தில் கிடைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தமிழ் ஏடுகளில்தான் நம்மவர்க்குப் பெயர் கிடைக்கிறது. வாசகர் கடிதம், மரண அறிவித்தல், திருமண வாழ்த்து, கோயில் திருவிழா வரவு செலவு, பள்ளி ஆண்டு விழா, காணவில்லை அறிவிப்பு என இப்படிப்பட்ட சின்னஞ்சிறு பத்திகளில் தோட்டத்துப் பெயரும் ஆளின் பெயரும் நாளும் சேர்ந்து வரும். பள்ளியின் தொடக்க ஆண்டு தெரியாமல் தவிக்கும் தலைமையாசிரியர்கள் முதல் பக்கத்தை விட்டுவிட்டு இப்பத்திகளைத் தேடிப் பார்க்கலாம். விளம்பரங்களையும் தள்ளிவிடாதீர்கள். ராஜுலா கப்பல் என்றைக்கு நாகப்பட்டினம் புறப்படுகிறது என்ற இரண்டு வரி, தாத்தா ஊருக்குப் போய்த் திரும்பிய மாதத்தை உறுதிப்படுத்திவிடும்.

இந்த ஏடுகள் எங்கே இருக்கின்றன? கோலாலம்பூரில் தேசிய நூலகத்திலும் தேசிய ஆவணக் காப்பகத்திலும் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திலும் கேட்டுப் பார்க்க வேண்டும். தமிழகத்தில் கோட்டையூர் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாகவே நிற்கின்றன. பாரதியாரின் எழுத்துகளில் பல, பழைய இதழ்களைப் புரட்டிய சீனி. விசுவநாதன் போன்றோரின் உழைப்பால்தான் நாள் குறிப்போடு நமக்குக் கிடைத்துள்ளன. நம் நாட்டிலோ தமிழ் நேசனே 2019இல் நின்றுபோயிற்று. வீடுகளில் எஞ்சியிருப்பவை ஞாயிறு காலையில் ஒலிபெருக்கியோடு வரும் 'பேப்பர் லாமா' லோரியில் எடைக்குப் போகின்றன. என் அம்மாவின் தகரப் பெட்டியின் அடியில் விரித்திருந்த 1950களின் நாளிதழ்த் தாள்கள்கூட அப்படித்தான் போயின. சேலை மணம் ஏறிய தாள்கள் அவை. தூக்கிப் போட்டவள் நானேதான். அப்போது பயிற்சிக் கல்லூரி மாணவி. பெற்றோர்களே, பெட்டியைத் துப்புரவு செய்யும்முன் அடியில் இருப்பதை ஒருமுறை படித்துப் பாருங்கள். நாளும் பக்க எண்ணும் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்து வைத்தாலே போதும்.

மாணவியின் பூட்டியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். டிண்டிங்ஸ் செய்திகளை அச்செடுத்துக்கொண்டு ஒரு மாலை அவர்கள் வீட்டிற்குச் சென்றேன். வயது தொண்ணூறை நெருங்கியிருந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருந்தார். தவறு என்னுடையது என்று சொல்லி, செய்தியைத் தமிழில் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"எங்கப்பா எப்பவும் சொல்லுவாரு, நாம பினாங்கு கவர்மெண்டு ஆளுன்னு" என்றார். பிறகு தாளைத் தொட்டுப் பார்த்து, "இதுல அவரு பேரு இருக்கா, டீச்சரம்மா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"அம்மா பேரு?"

அதுவும் இல்லை. கூலிக் குறைப்பைப் பற்றி ஒரு செய்தி இருக்கிறது என்று, 45 காசு, 35 காசு கணக்கைச் சொன்னேன். அவர் உடனே நிமிர்ந்தார். "ஆமா, முப்பத்தஞ்சு காசு ஆக்கிப்புட்டானுங்க. அதுக்கப்புறம் ராவுக்குச் சோறு கெடையாது, கஞ்சிதான். எனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும். படிப்ப நிறுத்திட்டு ஆயாக்கொட்டாயில புள்ள பாக்கப் போனேன்."

மாணவி பயிற்சிப் புத்தகத்தைக் கொண்டு வந்தாள். என் பிழைக்குறியை அடித்துவிட்டு 'சரி' என்று எழுதி, 1935 என்ற ஆண்டையும் குறித்து, கையொப்பமிட்டேன். அதற்குக் கீழே பூட்டி சொல்லச் சொல்ல அவருடைய தந்தையின் பெயர், தாயின் பெயர், அவர்கள் வந்த ஊர், வேலை செய்த தோட்டம் எல்லாவற்றையும் அவள் எழுதிக்கொண்டாள். எழுத்துக்கூட்டத் தெரியாத ஊர்ப் பெயர் ஒன்று வந்தபோது இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் தெரியவில்லை. பூட்டி இன்னொரு முறை மெதுவாக உச்சரித்தார். கேட்டபடியே எழுதி வைத்தோம்.