பிறக்காத சர்வருக்குப் பெயர் வைத்த கதை

ஃபைபர் சேனலில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் டபிள்யூ.டபிள்யூ.என். என்று 64 பிட் எண் உண்டு. 1990-களில் அது அட்டையோடயே வரும். அட்டை கைக்கு வந்தால்தான் எண் தெரியும், எண் தெரிந்தால்தான் ஸ்டோரேஜ்காரர் ஸோனிங் போடுவார். அதுவரை சர்வர்காரர் தேவுடு காக்க வேண்டியதுதான்.

ஒரே போர்ட்டில் பல எண்கள் புழங்க வழிசெய்த என்பிஐவி, 2005-இல் ஐபிஎம் சிஸ்டம் இசட்9-இல் வந்தது. 2007-இல் ஹெச்பி விர்ச்சுவல் கனெக்ட், பிளேடு செருகாத காலி இடத்துக்கே எண்ணை ஒதுக்கியது.

விஷயம் சூடு பிடிப்பது 2008-இல், பவர்6-க்கும் என்பிஐவி வந்தபோதுதான். அங்கே விர்ச்சுவல் அடாப்டர் ஒவ்வொன்றுக்கும், சர்வரை பூட் பண்ணும் முன்பே ஹெச்எம்சி இரண்டு எண்கள் தரும். ஒன்று அன்றாடப் புழக்கத்துக்கு. மற்றது, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை வேறு பெட்டிக்கு நகர்த்தும்போது. இந்த இரண்டாவதைத்தான் நம்ம ஆளுங்க ஸோனிங்கில் விட்டுடுவாங்க! சர்வர் அதுபாட்டுக்கு ஜோரா ஓடும். நகர்த்தப் போற ராத்திரியில்தான் குட்டு வெளிப்படும்.

இன்னொரு வம்பு: அடாப்டரை அழித்தால் அதன் எண்ணை ஹைப்பர்வைசர் மறுபடி தராது. பெட்டிக்கு 32,000 ஜோடி இருப்பதால் எண்ணுக்குப் பஞ்சமில்லை. ஆனால் புது அடாப்டருக்குப் புது எண், பழைய டிஸ்க் கண்ணிலேயே படாது. பழைய எண்ணை எழுதி வைத்திருந்தால், கமாண்டில் அதையே கொடுத்து அடாப்டரை மீண்டும் உருவாக்கலாம்.